வகுப்பறைக் கருவிகளும் உபாத்தியாயர் கடமையும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்தின் கல்வி நிதியைக் கொண்டு நம் பாடசாலையின் வகுப்புதோறும் பெருந்திரையும் கணினியும் அமைக்க வேண்டுமென்று அங்கத்தினர் பலர் விரும்புகின்றனர். உபாத்தியாயத் தொழிலில் உள்ள நமது கருத்தைக் கேட்டிருக்கின்றனர். அந்நிதியோ, நம் மரபினர் கடையிலும் கழனியிலும் பாடுபட்டுத் தேடிய பொருளில் ஒரு பகுதி. அதில் ஒரு காசும் வீண்போகலாகாது. அவ்வாறே, புதியதென்னும் ஒரே காரணம் பற்றி ஒரு நன்மையைத் தள்ளிவிடுதலும் ஆகாது. ஆதலின் இவ்விஷயத்தைச் சிறிது ஆராய்வோமாக.

கருவிகொண்டு கற்பித்தல் நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் நம் முன்னோர் மணலில் விரலால் எழுதிப் பழகினர். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியொன்றை மேற்பார்த்து வந்த ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் நடத்த முயன்றார். அங்கிருந்த உதவி உபாத்தியாயர்கள் அது இயலாதென்றனர். பெல், மேல்வகுப்பில் பயின்ற ஒரு சிறுவனிடம் அவ்வேலையை ஒப்புவித்தார். காரியம் செவ்வனே நடந்தது. 1797-ம் ஆண்டில் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வாயிலாக இது ‘சென்னை முறை’ என்று இங்கிலாந்திலும் பரவிற்று. இதில் நாம் காண வேண்டுவது யாது? மணல் ஒன்றே, எனினும் மனமில்லாதார் கையில் பலியாதது, மனமுள்ள சிறுவன் கையில் பலித்தது.

இக்காலத்துச் சான்றுகளும் இதனையே வற்புறுத்துகின்றன. தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினிகள் பெருந்தொகையாக வழங்கப்பட்டன. 319 கிராமப் பள்ளிகளில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2012-ம் ஆண்டில் வெளிவந்தது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. கருவி வந்தது; கற்பிக்கும் வகை மாறவில்லை.

நம் தேசத்துத் தில்லி நகரிலோ வேறு விதமான பயன் கண்டனர். பள்ளி நேரத்துக்குப் பின், நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் கணினி முன் 45 நிமிஷமும், சிறு குழுவாக ஆசிரியருடன் 45 நிமிஷமும் பயின்றனர். அக்கணினிப் பாடம் ஒவ்வொரு பிள்ளையும் எந்நிலையில் நிற்கிறது என்பதை முதலில் அளந்து, அந்நிலையினின்றே தொடங்கியது. ஏறக்குறைய நான்கரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல அபிவிருத்தி ஏற்பட்டதாக 2019-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. ஆறாம் வகுப்பில் அமர்ந்தும் மூன்றாம் வகுப்புக் கணக்கு அறியாத பிள்ளைக்கு, ஆறாம் வகுப்புப் பாடத்தை எவ்வளவு பெரிய திரையில் காட்டினும் என்ன பயன்?

நம் தமிழ்நாட்டில் 2011-ம் ஆண்டு முதல் மேல்நிலை மாணாக்கர்க்கு அரசாங்கத்தார் மடிக்கணினி வழங்கினர். 2018-ம் ஆண்டின் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. 2019-ம் ஆண்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. இவையெல்லாம் நற்காரியங்களே. ஆயினும் 2020-ம் ஆண்டில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது ஏழைக் குடும்பங்களில் நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி தகப்பனாரோடு வேலைக்குச் சென்றது. மாலையில் திரும்பி வந்தால் தமையன் கைக்குப் போயிற்று. தங்கை விழித்துக் காத்திருந்தாள். கருவியினால் உயர்வது போலவே, கருவியில்லாமையால் பின்தங்குவதும் உண்டு.

உபாத்தியாய சகோதரர்களே! சகோதரிகளே! திரை நமக்கு ஓய்வு கொடுக்க வந்ததன்று. படத்தைத் தொடக்கமுதல் இறுதிவரை ஓடவிட்டு நாற்காலியில் அமர்ந்திருப்பது கற்பித்தலாகாது. இருதயம் சுருங்கி விரிவதையோ, சந்திரன் தேய்ந்து வளர்வதையோ இரண்டு நிமிஷம் காட்டுவோம், பிறகு நிறுத்தி, “இனி என்ன நிகழும்?” என்று வினவுவோம். பிள்ளைகள் தத்தம் விடையை எழுதிய பின்னரே மேலே காட்டுவோம். மூன்றில் ஒன்று பெரிதா, இரண்டில் ஒன்று பெரிதா என்று கேட்டு, ஒரு பிள்ளையின் தவறான விடையைப் பெயரின்றித் திரையிலிட்டு, எங்கே வழி தவறிற்று என்று எல்லோரும் ஆராயச் செய்வோம். வாசிக்கத் திணறும் பிள்ளையின் குரலைப் பதிவுசெய்து, ஒரு மாதம் சென்ற பின் அவனே கேட்கச் செய்வோம். தன் முன்னேற்றத்தைத் தன் காதாலேயே கேட்ட பிள்ளைக்கு ஊக்கம் தானே பிறக்கும். கையால் எழுதுவதையும், மண்ணில் விதையிட்டு முளை காண்பதையும் எத்திரைக்காகவும் கைவிடலாகாது.

சங்கத்தாருக்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பங்கள் மூன்று. முதலாவது, வகுப்புதோறும் திரை வாங்குமுன் இரண்டு வகுப்புகளில் மட்டும் அமைத்து, உபாத்தியாயர்களுக்குப் பயிற்சியளித்து, ஓராண்டு பார்க்க வேண்டும். பழுது பார்ப்பதற்கும் அந்நிதியில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். இல்லையேல் வாங்கிய யந்திரங்கள் அலமாரியில் தூசியே உண்ணும். இரண்டாவது, மிகுந்த பொருளைக்கொண்டு சங்கக் கட்டிடத்தில் மாலைநேரப் படிப்பகம் ஒன்று திறக்க வேண்டும். வீட்டில் கருவியில்லாத பிள்ளைகள் எக்குலத்தினராயினும் அங்கு வந்து பயிலட்டும். பெண்மக்களுக்குத் தக்க துணையும் நேரமும் ஏற்படுத்துக. நம் மரபில் பட்டம் பெற்ற வாலிபர்கள் வாரம் ஒருநாள் அங்கு வந்து கற்பிப்பது, தாம் பெற்ற உதவித் தொகைக்குச் செய்யும் கைம்மாறாகும். மூன்றாவது, ஆண்டறிக்கையில் எத்தனை யந்திரங்கள் வாங்கினோம் என்று எழுதுவதோடு நில்லாது, சென்ற ஆண்டு வாசிக்கத் தெரியாதிருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இவ்வாண்டு வாசிக்கின்றனர் என்றும் எழுத வேண்டும்.

இக்கணக்கை அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் உபாத்தியாயர்களாகிய நாமே உங்கள் முன் வாசிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அன்று பொருளுதவி செய்தோர் அனைவரும் வந்திருந்து கேள்வி கேட்பீர்களாக.