சினத்திற்குப் பதம் வைப்போம்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் ஆங்கில மொழி குறித்துச் சில சொற்கள் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். ஆங்கிலத்திலே சினத்தைக் குறிக்கும் வினைச் சொற்களை மட்டும் எடுத்துக் கொள்ளலாம் என்று கருதினோம். அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் தம் புகார் மனுவைக் கொணர்ந்து காட்டினார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தார். தமக்குக் கடுங்கோபம் வந்தது என்பது அதில் மூன்று இடங்களில் இருந்தது. கோபமூட்டியவர் யார், என்ன சொன்னார், எங்கே, எவர் முன்னிலையில் என்பது ஓரிடத்திலும் இல்லை. மனு பயனற்றுப் போயிற்று. அக்குறையில் ஆசிரியராகிய நமக்கும் பங்குண்டு என்று உணர்ந்தோம்.

தமிழில் 'எனக்குக் கோபம் வந்தது' என்கிறோம். கோபம் விருந்தாளியைப்போல் தானே வந்துவிடுகிறது; வரவழைத்தவனை வாக்கியம் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் 'இன்சல்ட்' என்னும் வினையைச் செய்வினையில் ஆளும்போது எழுவாய் ஒன்று வேண்டும், செயப்படுபொருள் ஒன்று வேண்டும். இன்னார் இன்னாரை அவமதித்தார் என்றே எழுத முடியும். அதையே செயப்பாட்டு வினையாக்கி, 'நான் அவமதிக்கப்பட்டேன்' என்று எழுதினால் குற்றவாளி வாக்கியத்தை விட்டு ஓடி ஒளிந்து கொள்வான். ஆகவே, இளைஞர்களே, மனு எழுதும்போது செய்வினையில் எழுதுங்கள். இஃது இலக்கணப் பாடம் மட்டுமன்று, உரிமைப் பாடமுமாகும்.

அடுத்து, சொற்களின் படிநிலை. 'அன்னாய்' என்பது சிறு தொல்லை. 'இரிட்டேட்' என்பது எரிச்சலூட்டுதல். 'என்ரேஜ்' என்பது வெஞ்சினம் கொள்ளச் செய்தல். இவை உள்ளத்தின் நிலையைக் கூறுவன. சட்டம் கையாளும் வினைகளோ வேறு. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015-இல் திருத்தப்பட்டபின், 3(1)(ஆர்) என்னும் பிரிவில் மூன்று வினைகளை வைத்துள்ளது: 'இன்சல்ட்', அதாவது அவமதித்தல், 'இன்டிமிடேட்', அதாவது அச்சுறுத்தல், 'ஹ்யூமிலியேட்', அதாவது இழிவுபடுத்துதல். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத ஒருவர், அவ்வினத்தவர் ஒருவரை இழிவுபடுத்தும் எண்ணத்துடன், வேண்டுமென்றே அவமதிப்பதோ அச்சுறுத்துவதோ குற்றம். அது பொதுமக்கள் பார்வையில் படும் இடமாகவும் இருத்தல் வேண்டும். சாதிப் பெயர் சொல்லி ஏசுதல் அடுத்த பிரிவாகிய 3(1)(எஸ்)-இல் வருகிறது. நான்கு சுவர்களுக்குள் பொதுமக்கள் எவருமின்றி நடந்த ஏச்சு இப்பிரிவுகளின்கீழ் வாராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகையால் இடமும் சாட்சியும் மனுவில் இன்றியமையாதன. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கூறினாலும், காவல் நிலையத்தார் அதனை எழுதி, படித்துக் காட்டி, படியை இலவசமாகத் தரவேண்டும் என்று 1995-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

இனி 'ப்ரொவோக்' என்னும் சொல். 'வெளியே அழை' என்பது இதன் இலத்தீன் மூலப் பொருள். சீண்டுபவன் நம்மை நம் நிதானத்தினின்றும் வெளியே அழைக்கிறான். அமைதிக்குப் பங்கம் விளையுமாறு அவமதித்துச் சீண்டுவது பழைய தண்டனைச் சட்டத்தின் 504-ஆம் பிரிவில் குற்றமாக இருந்தது; 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 352-ஆம் பிரிவாக உள்ளது. ஆனால் சீண்டப்பட்டவன் கையோங்கினால் வழக்கு அவன் மேலும் பாயும். கடுமையான திடீர்ச் சீண்டலால் நிகழ்ந்த கொலையின் குற்றத்தைக்கூடச் சட்டம் ஒரு படி குறைக்குமேயன்றி அடியோடு மன்னிப்பதில்லை. அழைப்பை ஏற்றால் யாருக்கு ஆதாயம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சினங்கொண்டவன் 'டெம்பரை' இழந்தான் என்பது ஆங்கில மரபுத்தொடர். அச்சொல் எஃகின் பதத்தையும் குறிக்கும். மாமல்லபுரத்துக் கற்சிற்பிகள் உளியை உலையிலிட்டு அடித்து, நீரில் தோய்த்துப் பதம் வைப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பதம் போன உளி கல்லைச் செதுக்காது, தானே மழுங்கும். அவ்வுளிக்கும் நெருப்பு தேவைதான். அவ்வாறே சினமே கூடாதென்று நாம் சொல்லவில்லை. அடிபட்டவனிடம் வெகுளாமையை மட்டும் போதிப்பது நேர்மையன்று.

பதம் வைத்த சினத்திற்கு நம் செங்கற்பட்டு மண்ணிலேயே சான்றுண்டு. கோழியாளத்தில் 1859-இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், எந்தச் சொல்லை வசையாக வீசினார்களோ அந்தச் சொல்லையே பெயராகச் சூட்டி, 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அவமதிப்பை விடுதலை முழக்கமாக மாற்றிய செயல் அது. பின்னர் 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் குறைகளை எடுத்துரைத்தார்.

அண்ணல் 1942 ஜூலையில் நாகபுரி மாநாட்டில் விடுத்த அறிவுரையில் 'எஜுகேட்' என்பதை அடுத்து 'அஜிட்டேட்' என்னும் வினை வருகிறது. இயங்கச் செய், கலக்கு என்பது அதன் மூலப் பொருள். கலக்க வேண்டியது முதலில் நம் உள்ளத்தின் தேக்கத்தை என்றே நாம் பொருள் கொள்கிறோம். கல்வி முன்னே, கிளர்ச்சி அதன் பின்னே, அமைப்பு அதற்குத் துணை.

அக்கிளர்ச்சியின் விலையையும் இம்மாவட்டம் அறியும். கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் செங்கற்பட்டு ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். அதன் பயனாக 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்நிலங்களுள் பல பிறர் கைக்குப் போயின. மாமல்லபுரத்திற்கு அருகே காரணையில் அந்நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். அவர்கள் கேட்டது ஓர் அரசாணையில் எழுதப்பட்டிருந்த உரிமையையே. அந்த ஆணையைப் படித்துப் பொருள் சொல்லத் தக்கவர் ஊருக்கு ஒருவராவது உருவாக வேண்டும்.

தமிழில் 'பதம்' என்பதற்குச் சொல் என்றும் பொருளுண்டு. உங்கள் சினத்திற்குச் சொல்லால் பதம் வையுங்கள். யார், என்ன, எங்கே, எப்போது, எவர் முன்னிலையில் என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை எழுதிய பின்னரே மனுவில் கையொப்பமிடுங்கள். மனு எழுதத் தெரியாத நம் தாய்மார்களுக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள். பிழை நேருமென ஐயுற்றால் நம்மிடம் கொணருங்கள், உடனிருந்து திருத்தித் தருவோம்.