சின்னப் பிள்ளைகளுக்குத் தியானம்: இரண்டு நிமிடம் போதும்

(குறுவள மையக் கூட்டத்தில் திருப்பூர் மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சின்னப் பிள்ளைகளுக்குத் தியானம் சொல்லித் தருவது பற்றிப் பேசச் சொன்னார்கள். தியானம் என்றதும் நம் பகுதியில் பலருக்கும் ஆழியாறு நினைவுக்கு வரும். நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். மனவளக்கலை மன்றத்துக்குப் போகிறவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். ஆனால் பெரியவர்களுக்கான பயிற்சியை அப்படியே இரண்டாம் வகுப்புக்குக் கொண்டுபோக முடியாது. "மனதை ஒருமுகப்படுத்து" என்றால் ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியாது. காதுக்கோ கைக்கோ ஒரு வேலை கொடுத்தால் தெரியும்.

என் வகுப்பில் செய்யும் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கேட்பது. ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, என்னென்ன ஓசை கேட்டது என்று சொல்ல வேண்டும். காகம், பக்கத்து நிட்டிங் மெஷின், சத்துணவுக்கூடப் பாத்திரம், துணி ஏற்றிப் போகும் டெம்போ. வெளிச்சத்தம் மற்ற பாடங்களுக்குத் தொந்தரவு. இதற்கு அதுவே பாடம்.

இரண்டாவது, தொடுவது. நம் ஊரில் பனியன் வேஸ்ட் துண்டுக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கொரு துண்டைக் கொடுத்து, பார்க்காமல் விரலால் தடவி முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். சிங்கிள் ஜெர்சி துணியில் முன்பக்கம் வழவழப்பாகவும், பின்பக்கம் சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கும்.

மூன்றாவது, மூச்சு. வயிற்றில் கை வைத்து, அது ஏறி இறங்குவதை ஐந்து முறை எண்ண வேண்டும். மூச்சை அடக்கச் சொல்வதில்லை. ஒடிசா, பீகாரிலிருந்து வந்த பிள்ளைகள் நான் செய்வதைப் பார்த்தே செய்துவிடுகிறார்கள். எண்ணுவது அவரவர் மொழியில்.

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு இரண்டு நிமிடம் போதும். ஐந்தாம் வகுப்பிலும் ஐந்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை. கண்ணை மூடச் சிலருக்குப் பயமாக இருக்கும். அவர்கள் தரையைப் பார்த்தபடி இருக்கட்டும். அரசு நிதியில் முழுமையாக நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. அதனால் மந்திரமோ படமோ இதில் வேண்டாம். எந்த வீட்டுப் பிள்ளையும் தயக்கமின்றிச் சேரட்டும்.

இதனால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் எட்டாம் வகுப்பு வரை மகிழ்ச்சிப் பாடத்திட்டம் வந்தபோது, மனக்கவனப் பயிற்சியும் அதில் இடம்பெற்றது. பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளிவந்தன. வழக்கமான வகுப்புகளைவிட மனக்கவனப் பயிற்சி மாணவர்களின் மனநலத்துக்குக் கூடுதலாக உதவியதாக அதில் தெரியவில்லை. ஆசிரியர்களின் பணிச்சோர்வுதான் ஓரளவு குறைந்தது. ஆகவே தியானம் எல்லாவற்றுக்கும் மருந்து என்று பெற்றோரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளோடு நீங்களும் உட்காருங்கள். நமக்கும் அது தேவைதான்.

இன்னொன்று. நம் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார்கள். அம்மா வந்து சமைத்துச் சாப்பிட்டுப் படுக்க இரவு பத்தரை ஆகிவிடும். காலை உணவுத் திட்டம் பசியைப் பார்த்துக்கொள்கிறது. தூக்கத்தை யார் பார்ப்பது? தியானத்தின்போது ஒரு பிள்ளை தூங்கினால் எழுப்பாதீர்கள். பிள்ளைக்கு அப்போது தேவை அதுதான்.

சனிக்கிழமை சம்பள நாள். திங்கட்கிழமை சில முகங்களைப் பார்த்தாலே வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். அமைதியாக உட்காரும்போது அப்படிப்பட்ட பிள்ளை அழக்கூடும். உடனே "கண்ணைத் துடை, மூச்சைக் கவனி" என்று சொல்லாதீர்கள். தனியாக அழைத்துக் கேளுங்கள். தேவைப்பட்டால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். 14417 மாணவர்களுக்கான உதவி எண். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098.

கூச்சல் போடும் வகுப்பை அடக்குவதற்கு மட்டும் தியானத்தைப் பயன்படுத்தாதீர்கள். "எல்லாரும் கண்ணை மூடுங்கள்" என்பது தண்டனையாகிவிட்டால், நாளை நாம் உண்மையாகவே சொல்லும்போதும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். நாளைக் காலை வருகைப் பதிவு முடிந்ததும் ஒரு நிமிடம் ஓசை கேட்கும் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள்.