விசையும் இசைவும்

பௌதிகவியல் என்றதும் ஆய்வுகூடமும் அளவுகோலும் சமன்பாடுகளுமே நம்மிற் பலருக்கு நினைவில் வருகின்றன. நானோ கலைப்பட்டதாரி, வரலாறு கற்பித்து அதிபரானவன். ஆயினும், பாடசாலை நடத்துவதென்பது நாள்தோறும் ஒருவரை ஒருவர் ஏதோவொரு திசைக்கு நகர்த்த முயல்வதே. ஆசிரியர் மாணவரை நகர்த்த முயல்கின்றார். அதிபர் பெற்றோரை நகர்த்த முயல்கின்றார். பெற்றோர் சிலவேளை அதிபரையே நகர்த்திவிடுகின்றனர். ஆகவே, பொருள்கள் எவ்வாறு நகர்கின்றன என்று ஆராய்ந்த அறிவியல், மனிதரை இசைவிப்பது பற்றியும் நமக்கு ஏதேனும் கூறுமா என்று பார்ப்பது வீண் வேலையன்று.

முதலிற் சடத்துவத்தை எடுத்துக்கொள்வோம். காலி வீதியில், வெள்ளவத்தையில், விரைந்து செல்லும் பஸ் வண்டியில் நிற்கின்றோம். சாரதி திடீரென பிரேக்கை அழுத்துகின்றார். வண்டி நிற்கின்றது, நாமோ முன்னால் நிற்பவரின் முதுகிற் சாய்கின்றோம். புறவிசையொன்று தாக்கும்வரை ஓய்விலுள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும். இயங்கும் பொருள் அதே வேகத்தோடு நேர்கோட்டில் இயங்கிக்கொண்டேயிருக்கும். 1687 ஆம் ஆண்டில் ஐசாக் நியூட்டன் வெளியிட்ட பெருநூலின் முதலாம் இயக்க விதி இதுவே.

இடைவேளை முடிந்து மணி ஒலிக்கின்றது. மைதானத்தில் ஓடிய பிள்ளைகள் வகுப்பினுள் வந்தும் ஆரவாரம் அடங்கவில்லை. மணி ஒலித்த கணத்திலேயே அவர்கள் சிலைகளாகிவிட வேண்டுமென்று எதிர்பார்ப்பது, பஸ்ஸில் நம்மீது சாய்ந்தவரை ஒழுக்கமற்றவர் என்று ஏசுவதற்கு ஒப்பாகும். அனுபவமுள்ள ஆசிரியர் அந்த முதல் ஐந்து நிமிடத்திற் கடினமான பாடத்தைத் தொடங்கமாட்டார். முந்திய நாட் பாடத்திலிருந்து இலகுவான வினா ஒன்றைக் கேட்பார். ஓடிவந்த மனங்கள் மெல்ல மெல்லத் தரிக்கும்.

இந்த ‘மெல்ல’ என்னும் சொல்லுக்கும் பௌதிகவியலில் இடமுண்டு. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கைகளைப் பின்னோக்கி இழுத்துக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். பந்தின் உந்தம் எவ்வாறாயினும் அழியவேண்டியதே. ஆனால், அழிவதற்கு எடுக்கும் நேரம் இருமடங்கானால், கையில் தாக்கும் சராசரி விசை பாதியாகின்றது. விளைவு ஒன்றே, வலி மட்டுமே வேறு. 

நம் நாட்டின் கல்வி வரலாறும் இதற்குச் சான்று கூறும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1931 இற் கல்வி அமைச்சரானார். அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததோ 1945 இல். இடையில் எழுந்த எதிர்ப்புகள் பல. ஒரே நாளில் ஓங்கி அடித்துப் பெற்ற வெற்றியன்று அது. இடையறாது தள்ளிப் பெற்ற வெற்றி.

அடுத்து உராய்வு. இதனை எனக்கு நன்கு விளக்கியவர் விஞ்ஞான ஆசிரியர் அல்லர். கொட்டாஞ்சேனையில் வாழும் ஒரு தந்தையார். புறக்கோட்டையில் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி தள்ளுபவர். அவருடைய மகன் சாதாரண தரப் பரீட்சைக்கு ஏழு மாதங்கள் இருக்கையிற் பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டான். கடையொன்றில் வேலைக்கு அமர்த்தப்போவதாகத் தகவல் வந்தது. இந்நாட்டில் 16 வயதுவரை கல்வி கட்டாயம். அவனுக்கு வயது பதினைந்து. சட்டத்தைக் காட்டி அவனை வரவழைக்கலாம். ஆனால் அவ்வாறு வருபவன் வகுப்பில் உட்கார்ந்திருப்பானேயன்றிப் படிப்பானா?

நான் அவர் வீட்டுக்குச் சென்றேன். கடனும் வாடகையும் பற்றி அவர் கூறியவற்றைக் கேட்டேன். பின்னர், பாரமேற்றிய வண்டியை எவ்வாறு கிளப்புகிறீர்கள் என்று வினவினேன். “ஒரேயடியா தள்ள ஏலாது சேர். முன்னுக்கும் பின்னுக்கும் கொஞ்சம் ஆட்டி எடுக்கணும். ஒருக்கா உருளத் தொடங்கினா பிறகு லேசு. நடுவில மட்டும் நிப்பாட்டக் கூடாது” என்றார்.

நிலையாக நிற்கும் பொருளை அசைக்க வேண்டிய விசை, அசைந்துவிட்ட பொருளை ஓட்டிச் செல்ல வேண்டிய விசையிலும் பெரிது என்று பாடநூல் கூறுவதை அவருடைய தோள் அறிந்திருந்தது. “உங்கள் மகனுடைய படிப்பும் பத்து ஆண்டுகளாக உருளுகின்ற வண்டிதானே?” என்று மட்டும் கூறி விடைபெற்றேன்.

அன்று அவர் இசையவில்லை. நல்ல உவமை வீட்டு வாடகையைக் கட்டாது அல்லவா? தனியார் வகுப்புக் கட்டணமே அவருக்குப் பெருஞ்சுமையென்று இரண்டாம் முறை சென்றபோதுதான் தெரிந்தது. எங்கள் ஆசிரியர் இருவர் பாடசாலை விட்டபின் கட்டணமின்றிக் கற்பிக்க முன்வந்தனர். மூன்றாம் முறை நான் செல்லவேண்டியிருக்கவில்லை. தந்தையும் மகனும் பாடசாலைக்கு வந்தனர். அவன் பரீட்சை எழுதினான். சித்திகள் மிகச் சிறந்தவையல்ல. எனினும் கணிதத்திற் சித்தியடைந்து, தொழில்நுட்பக் கல்லூரியொன்றிற் சேர்ந்தான். தள்ளும் வலிமையைக் கூட்டுவதிலும் பாரத்தைக் குறைப்பதே பல இடங்களில் நல்வழி.

உராய்வைப் பகையென்று மட்டும் எண்ணலாகாது. மழைக்காலத்திற் பாசி படிந்த முற்றத்தில் நடந்து பார்த்தவருக்கு, உராய்வில்லாவிட்டால் ஓரடியும் எடுத்துவைக்க இயலாதென்பது தெரியும். “ஏன்?” என்று மறுத்துக் கேட்கும் மாணவனும் அத்தகையவனே. அவனுடைய எதிர்ப்பில் ஊன்றித்தான் பாடம் முன்னேறுகின்றது.

இனி ஓர் எச்சரிக்கை. தாக்கத்துக்குச் சமமான மறுதாக்கம் உண்டென்னும் மூன்றாம் விதியைக் காட்டி, அடித்தவன் என்றோ ஒருநாள் அடிபடுவான் என்று பேசுவோர் உளர். விதி கூறுவது அதுவன்று. மேசையில் ஓங்கி அறையும் அதே கணத்தில் மேசையும் நம் கையை அதே அளவு விசையோடு தாக்குகின்றது. கைக்கு வலிப்பது பிறகு வரும் தண்டனையன்று, அறைதலின் மறுபாதி. உவமையை எடுத்தாள்வோர் விதியைத் திரிக்காமல் எடுத்தாளவேண்டும்.

உவமைக்கும் எல்லையுண்டு. கல்லைத் தள்ளுமுன் அதன் சம்மதத்தை எவரும் கேட்பதில்லை, பிள்ளையிடம் கேட்கவேண்டும். இயக்க விதிகளை உலகுக்கு அளித்த நியூட்டன் கேம்பிரிட்ஜிற் பேராசிரியராக விரிவுரை ஆற்றியபோது கேட்க வந்தவர் மிகச் சிலர். பலவேளை வெறுஞ்சுவர்களுக்கே விரிவுரை நிகழ்ந்தது என்று அவருடைய உதவியாளர் எழுதிவைத்துள்ளார். கோள்களின் இயக்கத்தைக் கணித்தவராலும் மாணவரை மண்டபத்துக்கு வரவழைக்க இயலவில்லை.

ஆகவே, பெற்றோரே, ஆசிரியர்களே, உங்கள் பிள்ளை ஒன்றுக்கு அசைய மறுக்கும்போது, இன்னும் பலமாகத் தள்ளுமுன் ஒரு கணம் நின்று, அவன்மீது ஏறியிருக்கும் பாரம் எதுவென்று கேளுங்கள். விடை ஒரே நாளிற் கிடைக்காது போகலாம். மறுநாளும் கேளுங்கள்.