குழலும் கட்டையும்

மதுரைப் பக்கத்து வீடுகளில் சித்திரையில் எளிதாகத் திறக்கும் கதவு, ஐப்பசி மழையில் ஊறி நிலையோடு இறுகிக்கொள்ளும். வேட்டைத் துப்பாக்கியின் கட்டையும் மரந்தானே? ஈரத்தில் பருத்து, இரும்புக் குழலை ஒரு பக்கமாக நெருக்கும். நேற்றுப் பட்ட இடத்தில் இன்று குண்டு படாது.

இதற்குப் பரிகாரம் இரண்டு. குழலின் அடிப்பகுதி அமரும் பள்ளத்தைச் செதுக்கி, இறுகும் பசை வார்த்து, இரும்பை அசையாமல் பதியவைப்பது ஒன்று. அதற்கு முன்னே குழல் மரத்தைத் தொடாமல் இடைவெளி விடுவது மற்றொன்று. ஒரு காகிதத் துண்டு தடையின்றி ஓடவேண்டும். சுடும்போது குழல் அதிரும். அவ்வதிர்வு ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் இருந்தால்தான் குண்டுகள் ஓரிடத்தில் சேரும்.

ஆயினும் எல்லாத் துப்பாக்கிக்கும் இது பொருந்தாது. பழைய லீ-என்ஃபீல்டில் முன்கட்டை குழலைத் தாங்கும்படியே அமைந்தது. வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலையார் அம்மரம் பிளவாதிருக்கக் குறுக்கே திருகாணியும் பூட்டினர்.

குறி தவறிய குண்டின் காயமும் புலியை ஆட்கொல்லியாக்கும் என்று ஜிம் கார்பெட் எழுதினார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்பின் வேட்டை குற்றமாயிற்று. இக்கலை இன்று இலக்குப் பலகைக்கே உரியது. கருவியைக் குறை கூறுமுன் அது அமர்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள்.