கசிவின் காரணம் காண்போம்



காய்ச்சல் கண்டவனின் நெற்றியில் ஈரத்துணி இடுவது நல்ல உதவியே. ஆயினும் அதுவே மருத்துவம் ஆகிவிடாது. காரில் தண்ணீர் குறையும்போதெல்லாம் மேலும் மேலும் ஊற்றுவதும் அத்தகையதே. ஊற்றிய நீர் எங்கே போயிற்று என்று வினவும்போதுதான் பழுதுபார்த்தல் தொடங்குகிறது.

பெட்ரோல் எரிவதால் எழும் வெப்பம் முழுவதும் வண்டியை ஓட்டப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இயக்கமாக மாறுகிறது. ஏறக்குறைய அதே அளவு புகையோடு வெளியேறிவிடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை, இஞ்சினைச் சூழ்ந்தோடும் திரவம் ஏற்றுக்கொள்கிறது. முன்புறமுள்ள ரேடியேட்டருக்குச் சென்று, அவ்வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறது. இத்திரவமே கூலண்ட் எனப்படுவது. நீரும், எதிலீன் கிளைக்கால் என்னும் வேதிப்பொருளும், துருவைத் தடுக்கும் சில மருந்துகளும் கலந்தது அது.

நம் சமையலறையிலுள்ள பிரஷர் குக்கரை எண்ணிப் பாருங்கள். அழுத்தம் மிகுவதால் அதனுள் உள்ள நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 120 டிகிரி வரை தாங்குகிறது. ரேடியேட்டரின் மூடியும் இவ்வாறே உள்ளே அழுத்தத்தைக் காக்கிறது. ஆகவே சிறு கசிவும் இருவகையில் தீங்கு செய்கிறது. திரவம் குறைகிறது, அழுத்தம் தளர்வதால் எஞ்சிய திரவமும் விரைவில் கொதிக்கிறது. அந்நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே சென்றால், இஞ்சினின் தலைப்பகுதி வெப்பத்தால் கோணிவிடும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்தை விழுங்கிவிடும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. சூடான இஞ்சினின் மூடியைத் திறப்பது, ஆவி அடங்காத குக்கரைத் திறப்பதற்கு ஒப்பாகும். கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் புண்ணாக்கிவிடும். இஞ்சின் முற்றிலும் ஆறிய பின்னரே மூடியில் கை வைத்தல் வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தாரிடம் பத்தாண்டுகளாக உழைத்துவரும் கார் ஒன்று உண்டு. இரண்டு நாளைக்கு ஒருமுறை அதற்கு நீர் ஊற்ற வேண்டியதாயிற்று. தந்தையார், கசிவை அடைக்குமென்று கடையில் விற்கும் மருந்தை ஊற்றிவிட்டு ஊருக்குப் புறப்படலாம் என எண்ணினார். கல்லூரியில் இயற்பியல் பயிலும் மகளோ, “அப்பா, ஓட்டை எங்கே என்று தெரியாமல் மருந்தை ஊற்றினால், ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களையும் அது அடைத்துவிடாதா?” என்று கேட்டாள். தந்தையார் பயணத்தை ஒத்திவைத்தார்.

அன்றிரவு வண்டியின் அடியில் அகன்ற அட்டையொன்றை விரித்து வைத்தனர். காலையில் அதில் இரண்டு தடங்கள் காணப்பட்டன. ஒன்று நிறமும் மணமும் அற்றது. குளிர்சாதனத்திலிருந்து சொட்டிய நீர். அதனால் குற்றம் ஒன்றுமில்லை. மற்றொன்று பச்சை நிறமுடையது. விரலில் வழவழப்பும், சற்றே இனித்த வாடையும் கொண்டது. அதுவே கூலண்ட்.

ஆனால் துளி விழுந்த இடமே கசிந்த இடம் என்று முடிவு செய்தலாகாது. துளி உலோகத்தின் வழியே ஊர்ந்து வேறிடத்தில் விழக்கூடும். ஆகவே மெக்கானிக் ஒருவரை அழைத்தனர். அவர் ஆறிய இஞ்சினின் மூடியைக் கழற்றி, அவ்விடத்தில் அழுத்தமானியுடன் கூடிய கைப்பம்பைப் பொருத்தினார். மூடியில் குறித்துள்ள அழுத்தம் வரையே காற்றேற்றினார். மிகுதியாக ஏற்றினால் நல்ல குழாயும் பிளந்துவிடும். அனைவரும் முள்ளை நோக்கியிருந்தனர். பத்து நிமிடத்தில் அது மெல்லச் சரிந்தது.

கசிவு உறுதியாயிற்று, இனி இடத்தைத் தேட வேண்டும். ரப்பர் குழாய்களும், அவற்றின் கிளிப்புகளும், ரேடியேட்டரும் உலர்ந்தே இருந்தன. வாட்டர் பம்பின் அடியில் மட்டும் பச்சைப் பொருக்கும் புதிய துளியும் தென்பட்டன. அங்கே சிறு துளை ஒன்று அமைந்திருக்கும். பம்பின் சுழலும் அச்சைச் சூழ்ந்த சீல் தேய்ந்தால், திரவம் அதன் வழியே வெளிப்பட்டுத் தேய்வை அறிவிக்கும். அத்துளையை அடைப்பது, முறையிடுபவன் வாயைப் பொத்துவதாகும். திரவம் பேரிங்கினுள் புகுந்து அதனையும் கெடுத்துவிடும்.

முள் சரிந்தும் வெளியே ஈரம் காணப்படாவிடில் யாது செய்வது? காரினுள் கால் வைக்கும் விரிப்பு நனைந்திருந்தால், வெப்பமூட்டும் ஹீட்டரில் கசிவு இருக்கலாம். வெண்புகை ஓயாது வெளிவந்தாலோ, இஞ்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தாலோ, கேஸ்கட் பழுதாகி உள்ளுக்குள்ளேயே கசிகிறது என ஐயுறுதல் வேண்டும்.

மெக்கானிக் கூலண்டை வடித்தார். பெல்ட்டைக் கழற்றிப் பழைய பம்பை எடுத்தார். ஒட்டியிருந்த கேஸ்கட்டைச் சுரண்டித் துடைத்தார். புதிய பம்பையும் கேஸ்கட்டையும் வைத்து, போல்ட்டுகளைச் சீராக முடுக்கினார். பின்னர் வாலைவடி நீர் கலந்த புதிய கூலண்டை ஊற்றினார். கிணற்றுநீரில் உள்ள உப்புகள் குழாய்களில் படியும் என்பதால் அது விலக்கத்தக்கது. இஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றி, ஆறிய பின் குறைந்த அளவை நிரப்பினார்.

வேலை அத்துடன் முடிந்துவிடவில்லை. மகளின் விருப்பப்படி, பம்பை மீண்டும் பொருத்தி அழுத்தம் ஏற்றினார். இம்முறை முள் அசையவில்லை. விடையைச் சரிபார்த்த பின்னரே கணக்கு முடிகிறது அன்றோ!

வடித்த கூலண்டை அவர்கள் சாக்கடையில் கொட்டவில்லை. மூடியுள்ள கலத்தில் அடைத்துப் பட்டறைக்கு அனுப்பினர். அது இனிப்பாயிருப்பினும் கொடிய நஞ்சு. திறந்து வைத்தால் குழந்தையோ நாயோ பருகிவிடக்கூடும்.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை கார் ஓட்டுவீர்கள்; சிலர் கார்களைச் செய்யவும் கூடும். எந்தப் பொறி பழுதுற்றாலும் முதலில் அதன் இயக்கத்தை அறியுங்கள், தடயங்களைத் திரட்டுங்கள், ஐயத்தைச் சோதனையால் தீருங்கள், திருத்திய பின் மீண்டும் சோதியுங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் முறை இதுவே. வீட்டு வாசலில் நிற்கும் காருக்கும் அது பயன்படும்.