சீமந்தமும் ஃப்ளூ ஜுரமும்

நான் டாக்டரல்ல, விஞ்ஞானப் பட்டதாரி, ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. ஒரே ஒரு வேண்டுகோள்.

2009-ல் பரவிய பன்றிக் காய்ச்சல் கர்ப்பிணிகளைக் கடுமையாகப் பாதித்தது. 2012-ல் உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ தடுப்பூசியில் அவர்களுக்கே முதலிடம் தந்தது. எந்த மாதத்திலும் போடலாம். பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை அந்த ஊசி கிடையாது. தாய் போட்டுக்கொள்வதுதான் அதற்கும் காப்பு. டாக்டரைக் கேளுங்கள்.

சீமந்தத்துக்குக் கூட்டமாகப் போகிறோம். இருமல், ஜுரம் உள்ளவர்கள் போக வேண்டாம், ஃபோனிலேயே ஆசீர்வதிக்கலாம். வராதவரைச் சம்பந்திகளும் தப்பாக எண்ண வேண்டாம். ஹாலில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

கர்ப்பிணிக்கு ஜுரம் வந்தால் கஷாயம் கொடுத்துக் காத்திராமல் அன்றே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஃப்ளூ மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு பலிக்கும்.