ராசாவின் பால் கணக்கும் நாட்டின் சிகரெட் கணக்கும்

புகையால் வரும் நோய்களைப் பற்றி எனக்கு முன் பேசிய டாக்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எனக்கு அவர் மிச்சம் வைத்தது கணக்கு மட்டும்தான்.

நான் ராசாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். எங்கள் தாத்தா பால் ஸ்டோரில் வேலை பார்த்தார். நேற்றைய இருப்பு, இன்று வந்த பால் இரண்டையும் கூட்டினால், லாரியில் ஏறியதும் கழிவும் மீந்த இருப்பும் சேர்ந்து அதே தொகை வர வேண்டும். வராவிட்டால் கிராணியார் கேட்கும் முதல் கேள்வி, "பால் எங்கே போச்சு?"

புள்ளிவிவர இலாகா ஆண்டுதோறும் வேளாண் பொருள்களுக்கு வெளியிடும் வரவு செலவுக் கணக்கும் இதேதான். உற்பத்தி, இறக்குமதி ஒரு பக்கம். ஏற்றுமதி, பயன்பாடு, இருப்பு மறுபக்கம்.

இதைச் சிகரெட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 2015 நவம்பரில் கலால் வரி ஒரு சிகரெட்டுக்கு 28 காசிலிருந்து 40 காசாக உயர்ந்தது. 13 வெள்ளி 80 காசுக்கு விற்ற பெட்டி 17 வெள்ளியானது. சட்டப்படியான விற்பனை மளமளவென்று சரிந்தது. பெட்டாலிங் ஜெயாவில் பல்லாண்டு ஓடிய பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ ஆலை 2017-இல் மூடப்பட்டது. ஆக, உற்பத்திக் கட்டம் ஏறத்தாழக் காலி, இறக்குமதிதான் மிச்சம்.

அப்படியென்றால் புகைப்பவர்களும் அதே வேகத்தில் குறைந்திருக்க வேண்டுமல்லவா? சுகாதார அமைச்சின் ஆய்வுப்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் புகைப்பவர்கள் 2015-இல் 22.8 விழுக்காடு, 2019-இல் 21.3. குறைந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் கடைக்கணக்கு விழுந்த வேகம் எங்கே, இது எங்கே? கிராணியார் இருந்தால் தலைகீழாகக் கேட்டிருப்பார்: "இல்லாத பால் எங்கேருந்து வந்துச்சு?"

எங்கள் சித்தப்பாவிடம் கேட்டால் தெரியும். அந்த ஆண்டு விலை ஏறியதும் அவர் பழைய பெட்டியை விட்டார். மேசைக்கு அடியிலிருந்து எடுத்துத் தரும் ஐந்து வெள்ளிப் பெட்டிக்கு மாறினார். ஒரு பெட்டியில் 20 சிகரெட், தலைக்கு 40 காசு. வரி மட்டுமே எட்டு வெள்ளி. ஐந்து வெள்ளிக்கு விற்றால் அது எந்த வழியாக வந்தது என்று சொல்ல ஆய்வாளர் வேண்டாம். ஆனால் சட்டப்படியான விற்பனையை மட்டும் பார்ப்பவருக்குச் சித்தப்பா சிகரெட்டை விட்ட நல்ல மனிதர்!

இந்தச் சரக்கு வானத்திலிருந்து விழுவதில்லை. எங்கோ ஓர் ஆலையில் முறைப்படி செய்து, வேறு நாட்டுக்குப் போவதாகத் தாள் எழுதி, வழியில் துறைமுகத்தில் மாறி, சின்னப் படகில் திரும்பி வந்துவிடும். 1990-களில் உலகில் ஏற்றுமதியாகப் பதிவான சிகரெட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எந்த நாட்டின் இறக்குமதிக் கணக்கிலும் வந்து சேரவில்லை. அதனால்தான் நம் அரசும் 2021 முதல் இடைவழி ஏற்றுமதிக்குக் கிடுக்கிப்பிடி போட்டது. கிள்ளான் துறைமுகம் நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடத்தல் சிகரெட் 2020-இல் 60 விழுக்காட்டைத் தாண்டியது என்று நாளிதழ்களில் படிக்கிறோம். வீசியெறிந்த காலிப்பெட்டிகளைப் பொறுக்கி எண்ணிய கணக்கு அது. எண்ணச் சொல்லிப் பணம் கொடுத்தவர்கள் சிகரெட் நிறுவனங்கள். கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "வரியை ஏற்றாதே" என்று கேட்பவரின் நோட்டுப் புத்தகத்தை வைத்து வரியை முடிவு செய்யலாமா? வரியால் விட்டவர்களும் உண்டு. 2023 ஆய்வில் புகைப்பவர்கள் 19 விழுக்காடாக இறங்கியிருக்கிறார்கள். 2025 நவம்பரில் சிகரெட்டுக்கு இன்னும் 2 காசு ஏறியது. அது தவறென்று எனக்குத் தோன்றவில்லை. பெட்டிக்கு 40 காசு கூடியதால் ஐந்து வெள்ளிப் பெட்டிக்கு என்ன நட்டம் என்பதுதான் என் கேள்வி.

சுங்கத்துறையிடம் இறக்குமதியும் பறிமுதலும் இருக்கின்றன. சுகாதார அமைச்சிடம் புகைப்பவர் தொகை இருக்கிறது. புள்ளிவிவர இலாகாவுக்குக் கூட்டத் தெரியும். மூன்றும் உட்கார்ந்து ஆண்டுக்கு ஒரு தாள் வெளியிடட்டும், துண்டு விழும் தொகையையும் மறைக்காமல் எழுதட்டும்.

சித்தப்பா இன்னும் ராசாவில்தான் இருக்கிறார். இரவில் இருமல் அடுத்த வீடு வரை கேட்கிறது. அந்தத் தாள் வரும்போது அவரை எந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பேன்.